பிள்ளை வளர்க்க எவ்வளவு ஆகும்? ரசீதில் வராத கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் பெங்களூர் பானஸ்வாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு, இரண்டு பேருக்கும் வேலை. இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்: "அண்ணா, ஒரு குழந்தைக்கு மாசம் எவ்வளவு ஆகும்? சும்மா ஒரு ரஃப் கணக்கு சொல்லுங்க."

நான் கணக்கு எழுதியே பிழைப்பவன். பீன்யாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். உடனே ஃபோனை எடுத்து ஸ்கூல் ஃபீஸ், வேன், பரதநாட்டியம், டாக்டர், பால், துணிமணி என்று கூட்டி, மூத்தவளுக்கு மாதம் பதினாறாயிரம் ஆகிறது என்றேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "தம்பி, அவர் சொல்றது ரசீது இருக்கிறதுக்கு மட்டும்தான். கம்மனஹள்ளி வீட்டை விட்டு இங்க எதுக்கு வந்தோம்னு கேளுங்க. நான் மூணு வருஷம் எதுக்கு வீட்ல இருந்தேன்னு கேளுங்க."

அவள் சொன்ன இரண்டும் என் கூட்டலில் இல்லை. ஆனால் பணம் போயிருக்கிறது, அதுவும் ஸ்கூல் ஃபீஸைவிட அதிகமாக. அன்று தம்பியோடு பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பெற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு விஷயம். எவ்வளவு ஆகும் என்ற கேள்வியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

இது கழித்தல் கணக்கு

குழந்தைச் செலவு என்றதும் எல்லோரும் கூட்ட ஆரம்பிப்போம். டயப்பர் இவ்வளவு, தடுப்பூசி இவ்வளவு, பிளேஹோம் இவ்வளவு. செய்ய வேண்டியது கழித்தல். இதே கணவன் மனைவி குழந்தை இல்லாமல் இருந்திருந்தால் மாதம் எவ்வளவு வந்திருக்கும், எவ்வளவு போயிருக்கும்? குழந்தையோடு இப்போது எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது? இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளம்தான் குழந்தை வளர்க்க ஆகும் செலவு.

சிலர் வகுத்தும் பார்ப்பார்கள். வீட்டில் நாலு பேர், மாதச் செலவு எண்பதாயிரம், ஆகவே தலைக்கு இருபதாயிரம் என்று. அதுவும் சரிவராது. குழந்தை வந்ததால் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இரண்டாகவில்லை. வைஃபை பில் ஏறவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா முந்நூறு ரூபாய் கூடக் கேட்டார், அவ்வளவுதான். பெரியவர்கள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருப்பதை நாலாக வகுத்துக் குழந்தைகள் தலையில் கட்டினால், செய்யாத செலவுக்கு அவர்கள் பொறுப்பாகிவிடுவார்கள்.

இந்தக் கழித்தலை நாடு தழுவிய அளவில் போட்டுப் பார்த்தது அமெரிக்க விவசாயத் துறை. 1960 முதல் இந்தக் கணக்கை வெளியிட்டு வந்தார்கள். 2015இல் பிறந்த ஒரு குழந்தையை நடுத்தர வருமானமுள்ள தம்பதி 17 வயது வரை வளர்க்க 2,33,610 டாலர் ஆகும் என்றார்கள். காலேஜ் இதில் சேரவில்லை. அந்தத் தொகையை ரூபாயில் மாற்றிப் பயந்துகொள்வதில் பயனில்லை, அவர்கள் ஊர் விலை வேறு. அதன் பங்குகள்தான் பார்க்க வேண்டியவை. வீட்டுக்கு 29 சதவீதம், சாப்பாட்டுக்கு 18, குழந்தைக் காப்பகத்துக்கும் படிப்புக்கும் சேர்த்து 16. முதலிடம் வீட்டுக்குத்தான். அதை எப்படி அளந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த இடம். வீட்டு வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கவில்லை. ஒரு படுக்கையறை கூடுதலாக உள்ள வீட்டுக்குப் போனால் எவ்வளவு அதிகம் ஆகும் என்று மட்டும் பார்த்தார்கள். சுத்தமான கழித்தல்.

எங்கள் கதையும் அதுதான். கம்மனஹள்ளியில் ஒரு பெட்ரூம் வீட்டில் இருந்தோம். பையன் பிறக்கப் போகிறான் என்றதும் தர்மபுரியிலிருந்து அம்மா வந்து தங்க வேண்டியிருந்தது. ஹாலில் பாய் விரித்து நாலு மாதம் சமாளித்தோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் அம்மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்புறம் பானஸ்வாடியில் இரண்டு பெட்ரூம் பார்த்து வந்தோம்.

கணக்குக்காக ஒரு பெட்ரூம் வாடகை 18,000, இரண்டு பெட்ரூம் 28,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் மாதம் 10,000, வருடத்துக்கு 1,20,000. பதினெட்டு வருடத்துக்கு, வாடகை ஒரு பைசாகூட ஏறாவிட்டாலும், 21,60,000 ரூபாய். இது எந்த ஸ்கூல் ரசீதிலும் வராது. வாடகை என்ற தலைப்பில் போய்விடும், குழந்தைப் பக்கம் யாரும் எழுத மாட்டோம்.

அட்வான்ஸையும் விடக்கூடாது. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வரும் வீட்டுக்காரர்களும் இப்போது இருக்கிறார்கள். பத்து மாதம் என்றால் சின்ன வீட்டுக்கு 1,80,000, பெரிய வீட்டுக்கு 2,80,000. கூடுதலாக ஒரு லட்சம் வீட்டுக்காரரிடம் போய் உட்காருகிறது. திரும்பி வரும் பணம்தானே என்போம் (பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு). ஆனால் அந்த ஒரு லட்சம் 7 சதவீத வட்டியில் பேங்க்கில் கிடந்திருந்தால் வருடம் ஏழாயிரம் வந்திருக்கும். வந்திருக்க வேண்டியது வராமல் போனதும் செலவுதான். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். ஒன்றைச் செய்வதால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு. அட்வான்ஸ் விஷயத்தில் இது சின்னத் தொகை. அடுத்து வருவது சின்னது இல்லை.

"நான் மூணு வருஷம் எதுக்கு வீட்ல இருந்தேன்?"

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. மூன்றாவது என்றால் 12 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதியும் இருக்க வேண்டும். சரி, 26 வாரம் முடிந்து ஆறு மாதக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? மூத்தவள் பிறந்தபோது எங்களுக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை. என் அம்மா அப்போது வர முடியாத நிலை. மாமியார் திருநெல்வேலியில். மனைவி வேலையை விட்டாள்.

ஒரு பெண்ணின் சம்பளம் மாதம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் வீட்டில் இருந்தால் போவது 18 லட்சம். இதுவரை எல்லோரும் போடுவார்கள். இதற்குப் பிறகுதான் கணக்கு ஆழமாகப் போகிறது. அவளோடு வேலைக்குச் சேர்ந்தவளுக்கு வருடம் 8 சதவீதம் உயர்ந்திருந்தால் மூன்று வருடத்தில் சம்பளம் ஏறக்குறைய 63,000 ஆகியிருக்கும். நம் ஆள் திரும்பிப் போகும்போது பழைய 50,000 கிடைத்தாலே பெரிது. மாதம் 13,000 வித்தியாசம், வருடத்துக்கு 1,56,000. இந்த இடைவெளி அப்படியே பத்து வருடம் தொடர்ந்தால் 15,60,000. வேலைக்குத் திரும்பிய பிறகும், திரும்பாத மூன்று வருடத்துக்கு நிகராகக் கிட்டத்தட்ட இன்னொரு தொகை போகிறது. மேல் உத்தியோகத்துக்குப் போக வேண்டிய வயதில் இந்த இடைவெளி விழுந்தால் இன்னும் விரியும்.

பி.எஃப். கணக்கும் அங்கேயே நின்றுவிடுகிறது. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால் ஊழியர் பங்கு 12 சதவீதம், கம்பெனி பங்கு 12 சதவீதம், பென்ஷனுக்குப் போவதையும் சேர்த்து மாதம் 4,800. மூன்று வருடத்துக்கு 1,72,800. அறுபது வயது வரை வட்டிக்கு வட்டியாக வளர்ந்திருக்க வேண்டிய பணம்.

இந்தச் செலவுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் யாருக்கும் பணம் கொடுத்த மாதிரியே இருக்காது. "டே கேருக்கு மாசம் பன்னிரண்டாயிரமா, நான் சும்மா வீட்ல இருந்தே பாத்துக்கிறேன்" என்று சொல்லும்போது, பன்னிரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்க ஐம்பதாயிரத்தை விடுகிறோம். குழந்தையோடு இருக்க வேண்டும் என்று விரும்பி இருப்பது வேறு, அதற்கு விலை வைக்க முடியாது. மிச்சம் என்று நினைத்து இருப்பதுதான் கணக்குப் பிழை. அந்தப் பிழையை எங்கள் வீட்டில் செய்தது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு அம்மா வந்தார். மனைவி விடுப்பு முடிந்ததும் ஆபீஸ் போனாள். செலவு குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா தர்மபுரியில் இரண்டு கறவை மாடு வைத்திருந்தார், பால் சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இங்கே வருவதற்காக இரண்டையும் விற்றார். ஒருநாள் பேரனுக்கு ராகிக் கூழ் ஊட்டிக்கொண்டே சொன்னார்: "சிவப்பு மாடு இந்நேரம் மூணாம் ஈத்து போட்டிருக்கும்டா." எனக்கு அப்போதுதான் உறைத்தது. செலவு குறையவில்லை. என் மனைவியின் சம்பளத்திலிருந்து இடம் மாறி, என் அம்மாவின் பால் பணத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

பெங்களூரில் தமிழ் வீடுகளில் எத்தனை பாட்டிகள் இப்படி வந்திருக்கிறார்கள் என்று மாலை ஐந்து மணிக்கு எந்த அபார்ட்மென்ட் பூங்காவிலும் பார்க்கலாம். கன்னடம் தெரியாது, பேசத் துணை இல்லை, முட்டிவலி வேறு. இந்த உழைப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் சம்பளமாக வராது. ஆனால் நேரமாக வந்திருக்கிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம்.

அப்பாவின் சட்டை

பொருளாதார அறிஞர்கள் இந்தக் கழித்தலைப் போட வேறு குறுக்குவழிகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள். குழந்தை இல்லாமல் இதே குடும்பம் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் குறுக்குவழி. ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் ஒன்றைக் கவனித்தார். குடும்பம் எவ்வளவு ஏழையோ, வருமானத்தில் அவ்வளவு பெரிய பங்கு சாப்பாட்டுக்குப் போகிறது. அப்படியானால் சாப்பாட்டுப் பங்கையே வசதிக்கு அளவுகோலாக வைக்கலாம். குழந்தை வந்த பிறகு அந்தப் பங்கு ஏறுகிறது. பழைய பங்குக்குத் திரும்ப எவ்வளவு கூடுதல் வருமானம் தேவையோ, அதுதான் குழந்தையின் செலவு.

இதில் ஓர் ஓட்டை. சின்னப் பிள்ளைக்கு வாங்குவதில் பெரும்பகுதி சாப்பாடுதான். அதற்குப் புடவையும் பெட்ரோலும் வேண்டாம். ஆகவே பிள்ளை வந்ததும் சாப்பாட்டுப் பங்கு தானாகவே ஏறும், குடும்பம் ஏழையாகாவிட்டாலும். ஆங்கஸ் டீட்டனும் (பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர்) ஜான் முல்பவரும் 1986இல் இலங்கை, இந்தோனேசியக் குடும்பங்களின் தரவை வைத்து, எங்கல் முறை குழந்தைச் செலவைக் கூட்டிக் காட்டும் என்று விளக்கினார்கள்.

இன்னொரு முறை ராத்பார்த் என்பவருடையது, 1943. பெரியவர்கள் மட்டும் பயன்படுத்தும் பொருளைப் பார் என்றார். பெரியவர்களுடைய துணி, புகையிலை, மது. குழந்தை வந்த பிறகு அப்பாவும் அம்மாவும் தங்களுக்கென்று செய்யும் செலவு எவ்வளவு சுருங்குகிறது? பழைய அளவுக்கு அதைக் கொண்டுவர எவ்வளவு வருமானம் கூட வேண்டும்? இதைப் படித்தபோது என் பீரோவைத் திறந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பு தீபாவளிக்கு இரண்டு சட்டை, பிறந்தநாளுக்கு ஒன்று. கடைசியாக நானே எனக்கு வாங்கிய சட்டை எது என்று நினைவில்லை. காலர் நைந்த மூன்று, ஆபீஸ் ஆண்டு விழாவில் கொடுத்த டீ ஷர்ட் ஒன்று. ராத்பார்த் தேடிய தரவு என் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டில் உடனே போட்டுப் பார்க்க வசதியானது ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) நாடுகள் சார்ந்த அளவுகோல். முதல் பெரியவருக்கு 1, அடுத்த ஒவ்வொரு பெரியவருக்கும் 0.5, 14 வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 0.3. கணவன் மனைவிக்கு 1.5. ஒரு குழந்தை வந்தால் 1.8, அதாவது 20 சதவீதம் கூடுதல். இரண்டு பேருக்கு மாதம் 60,000 ஆகிக்கொண்டிருந்தால், அதே வசதியோடு இருக்க 72,000 வேண்டும். இரண்டு குழந்தைகள் என்றால் 84,000. பிள்ளைக்கு 14 வயது ஆனதும் 0.3 என்பது 0.5 ஆகிவிடும், பெரியவர் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். தோசைக்கல் முன்னால் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த அளவுகோலை நம் ஊருக்கு அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவோம். இது புழங்கும் நாடுகள் பலவற்றில் பள்ளிப் படிப்பையும் வைத்தியத்தையும் பெரும்பாலும் அரசு பார்த்துக்கொள்கிறது. பெங்களூரில் நடுத்தரக் குடும்பம் இரண்டையும் தன் கையிலிருந்து போடுகிறது. அதனால் 20 சதவீதம் என்பதைத் தரைமட்டமாக வைத்துக்கொண்டு, மேலே பள்ளிச் செலவைத் தனியாகக் கட்ட வேண்டும்.

ஒரு கோடி என்று யாராவது சொன்னால்

தம்பி அடுத்துக் கேட்டது இதைத்தான். "அண்ணா, ஒரு பிள்ளையை ஆளாக்க ஒரு கோடி வேணும்ங்கிறாங்களே?" இன்ஷூரன்ஸ் விற்பவர்களும் மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரங்களும் விரும்பிச் சொல்லும் எண் அது. எந்த வருடத்து ஒரு கோடி என்று கேட்க வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 18 வருடம் கழித்து வரும் ஒரு கோடிக்கு இன்றைய மதிப்பு சுமார் 35 லட்சம்தான். 35 லட்சமும் பெரிய பணம்தான், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும் அளவு வேறு.

பள்ளிக் கட்டணத்தை இப்படிப் பார்க்கலாம். எல்.கே.ஜி.யில் 80,000. வருடம் 10 சதவீதம் ஏறுகிறது. 72ஐ ஏற்ற விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். இங்கே ஏழு வருடம் சொச்சம். பன்னிரண்டாவது வரும்போது கட்டணம் 2,76,000 ஆகியிருக்கும். பதினாலு வருடத்துக்கும் சேர்த்துச் சுமார் 22,38,000. ஏற்றமே இல்லாதிருந்தால் 11,20,000. ஏற்றம் 6 சதவீதம் என்றால் சுமார் 16,80,000. ஆக, ஸ்கூல் பார்க்கப் போகும்போது இந்த வருடக் கட்டணத்தைவிட, கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு ஏற்றினார்கள் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்பது முக்கியம். நாங்கள் கேட்கவில்லை. வகுப்பறையில் ஏசி இருக்கிறதா என்று கேட்டோம்.

சம்பளமும் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் 8 சதவீதம், கட்டணம் 10 சதவீதம் என்று ஏறினால், இன்று வருமானத்தில் 8 சதவீதம் எடுக்கும் பள்ளிக் கட்டணம் பதின்மூன்று வருடத்தில் சுமார் 10 சதவீதம் எடுக்கும். பயமுறுத்தும் கோடிகளைவிட இந்த எட்டும் பத்தும்தான் குடும்பம் நடத்துபவருக்கு உதவும் எண்கள். சம்பளம் ஏறாமல் நின்றுபோனால் கதையே வேறு.

யார் விலை வைப்பது?

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் எடுத்த கல்வி ஆய்வில், அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வீட்டார் செலவழித்தது ஆண்டுக்குச் சராசரியாக 2,863 ரூபாய். அரசு அல்லாத பள்ளியில் 25,002 ரூபாய். இது நாட்டுச் சராசரி. பெங்களூரில் மேல்தட்டுப் பள்ளிகளில் இதைப் பல மடங்கு தாண்டும். இன்னொரு பக்கம், கேந்திரிய வித்யாலயாவில் எட்டாவது வரை பாடக் கட்டணமே கிடையாது, வளர்ச்சி நிதியாக மாதம் 500 ரூபாய் வாங்குகிறார்கள். ஆனால் இடம் முதலில் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு.

ஒரே ஊரில் ஒரே வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கிறது என்றால், குழந்தைச் செலவு என்பது மழை மாதிரி வானத்திலிருந்து விழுவதில்லை, ஒரு பகுதியை நாமே தீர்மானிக்கிறோம். கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1960இல் இதைச் சொல்லி நிறையத் திட்டும் வாங்கினார், 1992இல் நோபல் பரிசும் வாங்கினார். பெற்றோர் எத்தனை பிள்ளை என்பதையும், பிள்ளைக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள் என்பது அவர் வாதம். ஒரு பிள்ளைக்கு நல்ல பள்ளி, நீச்சல், டியூஷன் என்று தரத்தை ஏற்ற ஏற்ற, அடுத்த பிள்ளைக்கும் அதே கொடுக்க வேண்டும் என்பதால் அதன் விலை ஏறுகிறது. எண்ணிக்கை குறைகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8.

என் தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். அவர் பணக்காரர் இல்லை. எட்டு வயதில் ஆடு மேய்த்து, பன்னிரண்டில் ஏர் பிடித்த பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜான் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் 1976இல் சொன்னது இதைத்தான். செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் பாயும் வரை நிறையப் பிள்ளைகள் லாபம். பாய்ச்சல் திரும்பி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஓட ஆரம்பித்ததும் குடும்பம் சுருங்கும். பள்ளிக்கூடம்தான் அந்த மடையைத் திருப்புகிறது என்றார். பிற்பாடு அவரும் அவர் குழுவினரும் பல வருடம் களஆய்வு செய்தது இதே கர்நாடகத்துக் கிராமங்களில்.

தரத்துக்கும் பகட்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. காதுகுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு, தங்கத் தோடு. இதில் தோடும் சீரும் தாய்மாமன் செலவு. முதல் பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பு. நம் வழக்கத்தில் குழந்தைச் செலவின் ஒரு பகுதியை அம்மா வழி உறவுகள் ஏற்கெனவே சுமக்கின்றன, திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகவும் அது நோட்டில் ஏறிவிடுகிறது. என் மச்சான் என் மகளுக்குப் போட்ட அரை பவுனுக்கு, அவன் மகள் காதுகுத்தில் நான் எப்படிக் கால் பவுனோடு போய் நிற்க முடியும்? இதையும் பிள்ளைச் செலவு என்றுதான் மனைவி எழுதச் சொல்கிறாள். நான் மொய்க் கணக்கில் எழுதியிருக்கிறேன். இன்னும் தீர்ப்பு வரவில்லை.

சின்னச் செலவுகளையும் சலுகைகளையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ள ஊசிகள் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம், நிமோனியாவுக்கான பிசிவியும் ரோட்டா வைரஸ் மருந்தும் உட்பட. தனியார் கிளினிக்கில் ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஸ்கூல் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, டியூஷன் சென்டருக்கு 18 சதவீதம். டயப்பருக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகியிருக்கிறது. பாடக் கட்டணத்துக்கு வரிச் சலுகை இரண்டு பிள்ளைகள் வரை, பழைய வரி முறையில் மட்டும். டொனேஷன், வேன் கட்டணம் அதில் சேராது. பத்து வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் சுகன்யா சம்ருத்தி கணக்கு தபால் ஆபீசில் தொடங்கலாம். வருடம் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்ட வேண்டும், 21ஆவது வருடம் முதிர்வு. வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமானது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும்.

ரயிலிலும் பிள்ளை வளர்வது தெரியும். ஐந்து வயது நிறையும் வரை டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டுக்குள், தனி பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் 2016 ஏப்ரலிலிருந்து முழு டிக்கெட். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி போகும்போது மகளை என் பெர்த்தில் படுக்கவைத்து, நான் சேலம் வரை விளிம்பில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். மறுநாள் முதுகுவலிக்குத் தைலம் வாங்கினேன். அது எந்தக் கணக்கில் என்று கேட்காதீர்கள்.

தம்பிக்கு ஒரே ஒரு வழி சொன்னேன். குழந்தைக்கு முன்பே ஒத்திகை பார். இரண்டு சம்பளத்தில் சின்னதை ஆறு மாதம் தொடாமல் இருங்கள். இரண்டு பெட்ரூம் வாடகைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் பிறந்ததும் தனியாக எடுத்து வையுங்கள். மூச்சு முட்டுகிறதா, எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். ஒத்திகை முடியும்போது கையில் கொஞ்சம் பணமும் இருக்கும், பிரசவத்துக்கும் அட்வான்ஸுக்கும் ஆகும். சின்னச் சம்பளம் யாருடையது என்று மட்டும் நான் கேட்கவில்லை. அவன் மனைவிக்கு அவனைவிடச் சம்பளம் அதிகம் என்று போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அப்போ வீட்ல இருக்கப் போறது நீங்கதான், தம்பி," என்றாள் என் மனைவி.

சிரித்தான். இரண்டு நாள் கழித்து எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "அண்ணா, உங்க ஏரியாவுல ரெண்டு பெட்ரூம் காலியா இருந்தா சொல்லுங்க. அட்வான்ஸ் அஞ்சு மாசத்துக்கு மேல வேண்டாம். அப்புறம், அப்பாவுக்கு எவ்வளவு நாள் லீவு தருவாங்கன்னு எங்க ஹெச்ஆர்ல கேட்டேன். அஞ்சு நாளாம்."